பெர்லின் கடிகாரம், ஜெரூசலம் சூரியன்

நம்முடைய கணினிக்குள் நாமே நிறுவிக்கொள்கிற வெப் சர்வர் ஏன் இத்தனை பணிவாக நடந்துகொள்கிறது என்ற கேள்வி கொஞ்சக் காலமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டி முடிப்பதற்குள் பக்கம் வந்து நிற்கிறது. கேபிளைப் பிடுங்கிவிட்டாலும் வருகிறது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இலங்கை இருண்டு கிடந்தபோதும், மடிக்கணினியின் பற்றரியில் மிச்சம் இருந்தவரை அது பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. காற்றாடி நின்றுபோன அறை, நுளம்பு, கழுத்தில் வடிகிற வியர்வை, திரையின் வெளிச்சம் விழுந்த முகம். அதற்கு நடுவில் உலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் இணையத்தளம் முழுசாக ஓடுகிறது. 127 என்று தொடங்கும் ஒரு கோடியே 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளை இதற்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றில் எதற்கு அனுப்பினாலும் செய்தி இயந்திரத்தை விட்டு வெளியே போகாது, அனுப்பியவனிடமே திரும்பி வரும். இப்படித் தன்னோடு தானே பேசிக்கொள்கிற இயந்திரத்தில்தான் எங்கள் கிழக்குக் கரையில், கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் பிள்ளைகள் தளம் கட்டப் பழகுகிறார்கள். பழகுவதில் குற்றமில்லை. அந்த அமைதியான அறைக்குள் கடிகாரத்தையும் எழுத்தையும் திசையையும் யார் வைத்துவிட்டுப் போனார்கள் என்பதுதான் என் சந்தேகம்.

ஸாம்ப் என்ற பொதியை எடுத்துக்கொள்ளலாம். வெப் சர்வரான அப்பாச்சி, பிஎச்பி மொழி, தரவுத்தளம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, நாலு தடவை ‘நெக்ஸ்ட்’ அழுத்தினால் போதும் என்று செய்து கொடுத்தவர்கள் ‘அப்பாச்சி ஃபிரெண்ட்ஸ்’ என்ற ஜெர்மன் குழுவினர். ஆண்டு 2002. காசு வாங்கவில்லை. டேட்டா விலையாக இருந்த காலத்தில் பென்டிரைவில் கைமாறிக் கைமாறி எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் சர்வர். அதன் பிஎச்பி அமைப்புக் கோப்பைத் திறந்து ‘டேட்.டைம்ஸோன்’ என்று தேடினால் ஒரு வரி வரும். அதில் எழுதியிருப்பது ஐரோப்பா, பெர்லின். செய்தவர்கள் தங்கள் ஊரை எழுதினார்கள், அவ்வளவுதான், அதில் கள்ளமில்லை. ஆனால் அதைத் தொடாமல் விட்டால், கல்முனைக் கடற்கரைப் பள்ளி வீதியில் ஒருவன் அஸருக்குப் பிறகு உட்கார்ந்து எழுதிய பதிவின் நேரம் மத்தியானமாகப் பதியும். மாரியில் நாலரை மணித்தியாலம் பிந்தும், கோடையில் மூன்றரை. மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறும் அந்தக் கடிகாரம் யாரையும் கேளாமல் ஒரு மணித்தியாலம் தாவும். கச்சானும் வாடையும் தவிர வேறு பருவத்தை அறியாத ஒரு கரையில், யாருடைய கோடைக்காக அது தாவுகிறது? பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. திரையின் வலது மூலையில் விண்டோஸ் சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. சர்வருக்குள் ஓடுவது வேறு நேரம் என்று சந்தேகப்பட அங்கே காரணமே இல்லை.

நேரம் போகட்டும், சூரியன் இருக்கிறது. இந்தக் கரையில் பிஎச்பி படிக்கிற பிள்ளை கொஞ்சம் தைரியம் வந்ததும் தொழுகை நேரம் காட்டுகிற ஒரு பக்கத்தைச் செய்து பார்க்க நினைப்பது இயல்பு. பள்ளிவாசல் சுவரில் தொங்குகிற அட்டவணை கணினிக்குள் வந்தால் நல்லதுதானே. சூரியன் அடைகிற நேரத்தைச் சொல்ல பிஎச்பியில் நெடுங்காலம் ஒரு ஆயத்தச் சார்பு இருந்தது. அதற்கு அகலாங்கும் நெட்டாங்கும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது கோபிக்காது, அமைப்புக் கோப்பில் இருக்கிற இயல்பு எண்களை எடுத்துக்கொள்ளும். அந்த எண்கள் 31.7667, 35.2333. வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்: ஜெரூசலம். ஆக, எதையும் மாற்றாத ஒரு ஸாம்ப் பொதியில் கல்முனைப் பிள்ளை ‘இன்றைக்கு மஃரிப் எத்தனை மணிக்கு’ என்று கேட்டால், பைத்துல் முகத்தஸில் சூரியன் அடைகிற கணத்தைப் பெர்லின் கடிகாரத்தில் கணித்து அது விடை தரும். முதல் கிப்லாவின் சூரியன்தானே என்று சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளலாம், நோன்பு திறக்க முடியாது. இந்தச் சார்பை 2021இல் வந்த 8.1 பதிப்பிலிருந்து கைவிடச் சொல்லிவிட்டார்கள். அதன் இடத்தில் சொல்லப்படுவது அகலாங்கையும் நெட்டாங்கையும் கட்டாயமாகக் கேட்கிறது. எனக்கு அந்தக் கட்டாயம் பிடித்திருக்கிறது. எங்கே நிற்கிறாய் என்று கேட்காமலே விடை சொல்கிற இயந்திரத்தைவிட, கேட்டுத் தொந்தரவு செய்கிற இயந்திரம் மேல்.

சரி, பெர்லினை அழித்து ஏசியா, கொழும்பு என்று எழுதியாயிற்று. முடிந்ததா? கொழும்புக்கும் கல்முனைக்கும் நெட்டாங்கில் ஏறத்தாழ இரண்டு பாகை வித்தியாசம். ஒரு பாகைக்கு நாலு நிமிடம். கல்முனையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழுகிறது, மேற்கே வயல்களுக்கும் அப்பால் இறங்குகிறது. அந்த இறக்கம் கொழும்பைவிட எட்டு நிமிடம் முந்தி நடந்துவிடுகிறது. றமழானில் அந்த எட்டு நிமிடத்தின் நீளம் தெரியும். பள்ளிவாசலில் வாங்கிவந்த கஞ்சி கோப்பையில் ஆவி விட்டுக்கொண்டிருக்கும், பேரீச்சம்பழம் இரண்டு விரலுக்கு நடுவில் நிற்கும், காது ஒலிபெருக்கியில் இருக்கும், சின்னப் பிள்ளைகள்கூடச் சத்தம் போடாது. கொழும்பு நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நோன்பு திறந்த ஊரில் ஒருவன் மட்டும் காத்திருப்பான். காலையில் ஸஹரில் அவனே சூரியனை நெருங்கவிட்டு எட்டு நிமிடம் பிந்திச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். இதனால்தான் ஜம்இய்யத்துல் உலமா நாட்டை வலயங்களாகப் பிரித்துத் தொழுகை நேரம் வெளியிடுகிறது. கணினியின் நேர வலயப் பட்டியலில் இலங்கைக்கு ஒரே பெயர்தான், தலைநகரின் பெயர். கடிகாரத்துக்கு அது போதும், சூரியனுக்குப் போதாது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்துவதோடு வேலை தீர்ந்துபோவதாக நினைப்பவர்களை இந்த எட்டு நிமிடம் தடுத்து நிறுத்துகிறது.

அதே சமயம், அந்தத் தலைநகரின் பெயருக்குள் நாம் மறந்துவிட்ட ஒரு நினைவு இருக்கிறது. நேர வலயத்தை எண்ணாகவும் எழுதலாம்: கூட்டல் ஐந்தரை. பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், இன்றைக்கு இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். ஆனால் 1996 மே மாதத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்வாங்கி ஆறில் நின்றது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. அந்தப் பத்து ஆண்டுகளும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில் இரண்டு கடிகாரம். நேர வலயத் தரவுக்கோவையில் ‘கொழும்பு’ என்ற பெயருக்குக் கீழே இந்த மாற்றங்கள் திகதியோடு கிடக்கின்றன. ஐந்தரை என்ற எண்ணுக்கு இது எதுவும் தெரியாது. 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராக் கடலடியில் பூமி அதிர்ந்தது உலகப் பொது நேரம் 00:58:53க்கு. கொழும்பு என்று அமைத்த சர்வர் அதைக் காலை 6:58 என்று காட்டும். அன்றைக்கு நம் வீட்டுச் சுவர்க்கடிகாரங்களும் அதையே காட்டின. ஐந்தரை என்று அமைத்த சர்வர் 6:28 என்று காட்டும். ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் கடல் வந்தது. நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் அந்தக் கணக்கில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் யார் எழும்பியிருந்தார்கள், யார் சந்தைக்குப் போயிருந்தார்கள், யார் கடற்கரையில் நின்றார்கள் என்று இன்றும் நேரத்தை வைத்தே பேசுகிற ஊர்களில் அரை மணித்தியாலம் சின்னப் பிழை இல்லை.

அந்த அழிவிலிருந்து பிறந்த மென்பொருளை இங்கே சொல்லாமல் போக முடியாது. கடல் வந்துபோன சில நாள்களில் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சுற்றியிருந்த இலங்கைத் தன்னார்வலர்கள் ‘சஹானா’ என்ற அனர்த்த முகாமைத்துவ முறைமையை எழுதத் தொடங்கினார்கள். காணாமற்போனவர்களின் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு. கட்டியது எதில் என்றால், நம் பிள்ளைகளின் மடிக்கணினிகளில் ஓடுகிற அதே அப்பாச்சி, அதே பிஎச்பி; தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். பிறகு அது பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் போனது. 2006இல் ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனின் சமூகப் பயன் விருதைப் பெற்றது. காணாமற்போன ஒருவரைத் தேடுகிற பெட்டியில் ஒரு பெயரை இடும்போது என்ன நடக்க வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன். முஹம்மது, முகம்மது, முஹம்மத், மொஹமட். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, முகாமில் எழுதிக்கொண்டவரின் காதுக்குக் கேட்டது இன்னொன்று. எந்த எழுத்தை எந்த எழுத்தோடு சமமாக எண்ணுவது என்பது தரவுத்தளத்தில் ஓர் அமைப்பு வரி. சாதாரண நாளில் அதை ஒருவரும் பார்ப்பதில்லை.

பார்த்தால் அங்கே நெடுங்காலம் சுவீடன் இருந்தது. மைஎஸ்கியூஎல் பிறந்தது சுவீடனில். 2018இல் வந்த எட்டாம் பதிப்பு வரை அதன் இயல்பு எழுத்து முறை லத்தீன்-1, வரிசைப்படுத்தும் முறை சுவீடிஷ். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட் வேண்டும். லத்தீன்-1 ஒரு பைட்டைத் தாண்டி யோசிக்காது. இங்கேதான் அந்தப் பணிவான சர்வரின் மிகப் பெரிய குணம் வெளிப்படுகிறது. எழுதும்போதும் வாசிக்கும்போதும் இணைப்பு லத்தீன்-1 ஆகவே இருந்தால், தமிழ் பிழையாக உள்ளே போய், அதே பிழையின் வழியாக வெளியே வந்து, திரையில் அழகான தமிழாகவே நிற்கும். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மூடிக்கொள்கின்றன. வீட்டில் எல்லாம் சரி. ஆசிரியரிடம் காட்டும்போதும் சரி. தரவை வெளியே வேறு சர்வருக்குக் கொண்டுபோய், அங்கே இணைப்பு யூடிஎஃப்-8 ஆக இருக்கிறபோதுதான், வாப்பாவின் பெயர் இருந்த இடத்தில் தலைக்கு மேல் கோடும் புள்ளியும் வைத்த லத்தீன் எழுத்துகளின் கூட்டம் நிற்கும். அங்கே குற்றவாளியாகத் தெரிவது வெளிச் சர்வர். பொய்யைப் பொத்தி வைத்திருந்தது வீட்டுச் சர்வர். இதை விளங்கிக்கொண்ட பிறகு, ‘என் மெஷினில் வேலை செய்கிறதே’ என்ற வாக்கியத்தை யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

பெயர்களின் விஷயத்திலும் இதே மயக்கம் உண்டு. ஒவ்வொரு கணினியிலும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. ஒரு காலத்தில் முழு வலையமைப்பின் பெயர்களும் அப்படி ஒரே கோப்பில், ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தன. 1983இல் டொமைன் பெயர் முறைமை வந்து அதை உலகெங்கும் பரப்பியது. மிச்சமாக நின்ற அந்தக் கோப்பில் நாம் எந்தப் பெயரையும் எழுதி நமக்கே சூட்டிக்கொள்ளலாம். அப்பாச்சியில் வேர்ச்சுவல் ஹோஸ்ட் ஒன்றை நாலைந்து வரியில் எழுதி, ஒரே முகவரியில் பத்துத் தளங்களைப் பத்துப் பெயரில் குடிவைக்கலாம். வெளியே ஒரு பெயருக்குத் தனி இடம் கேட்பது அப்படி இல்லை. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்தது, சில நாள்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. கல்முனையின் நிர்வாக எல்லைகள் பற்றிய வாதம் இன்னும் தீரவில்லை. கணினிக்குள் பெயர் வைப்பதற்குச் சாட்சியும் வேண்டாம், எதிர்க்கட்சியும் இல்லை. ஆனால் அங்கேயும் உலகம் ஒருநாள் வந்து கதவைத் தட்டும். உலகெங்கும் பலர் வீட்டுத் தளங்களுக்கு .டெவ் என்று முடியும் பெயர்களை வைத்திருந்தார்கள். அந்த முடிவின் உரிமை கூகிளிடம் போயிற்று. 2017 டிசம்பரில் குரோம் 63 வந்தபோது .டெவ் பெயர்கள் எல்லாம் பாதுகாப்பு இணைப்பு இல்லாமல் திறக்காமற்போயின. இதற்கென்று 1999 முதலே ஒதுக்கிவைத்திருந்த .டெஸ்ட் என்ற முடிவு கேட்பாரற்றுக் கிடந்தது. நமக்கு நெருக்கமான இன்னொன்று: .இலங்கை என்ற தமிழ் முடிவு 2010 முதல் இருக்கிறது. அப்படி ஒரு பெயரை அப்பாச்சிக்குச் சொல்ல வேண்டுமானால் தமிழில் எழுதுவதில்லை. எக்ஸ்என் என்று தொடங்கும், வாயில் நுழையாத ஒரு லத்தீன் கோவையாக எழுத வேண்டும். நம் பெயரை நம் இயந்திரத்துக்குச் சொல்லவே வேடம் போட வேண்டியிருக்கிறது.

இத்தனையும் சொல்லும்போது எதிர்ப்பக்கத்து நியாயம் எனக்குள்ளேயே எழும்புகிறது. கூச்சமில்லாமல் தவறு செய்ய ஒருவனுக்கு ஓர் இடம் வேண்டும். ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்து விடுதியிலோ வீட்டுத் திண்ணையிலோ, கடவுச்சொல் இல்லாத ரூட் கணக்கும், பிழைகளை எல்லாம் திரையில் கொட்டுகிற அமைப்பும், யாரும் பார்க்காத முகவரியும் கிடைத்ததால்தான் முதலீடு இல்லாத பிள்ளைகள் இந்தத் தொழிலுக்குள் நுழைய முடிந்தது. முதல் நாளே எட்டு நிமிடத்தையும் சுவீடனையும் விளக்கப் போனால் பாதிப் பேர் எழும்பிப் போய்விடுவார்கள். இன்னொரு நியாயமும் உண்டு: எந்த ஊரும் வேண்டாம், சர்வரில் உலகப் பொது நேரத்தை வை, காட்டும்போது மட்டும் ஊர் நேரத்துக்கு மாற்று என்பார்கள். நடந்து முடிந்ததற்கு அது சரி. சுனாமியின் அந்தக் கணத்தை அப்படித்தான் வைக்க வேண்டும். வரப்போவதற்கு அது போதாது. நாளைக்கு அரசாங்கம் மறுபடியும் கடிகாரத்தை நகர்த்தினால், பத்து மணிக் கூட்டம் பத்து மணிக்கே நடக்கும், பொது நேரத்தில் சேமித்த எண் பிழையாகிவிடும். டொக்கர் போன்ற கருவிகள் வெளிச் சர்வரின் சூழலை அப்படியே மடித்து வீட்டுக்குள் கொண்டுவருகின்றன என்பதும் உண்மை. பல நூறு மெகாபைட்டைத் தரவிறக்க டேட்டாவும், அதைத் தாங்க நினைவகமும் இருக்கிற வீட்டுக்கு அது தீர்வு. மற்ற வீடுகளுக்கு அமைப்புக் கோப்பும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டரும்தான்.

ஆகவே என் மனம் அமைப்பை மாற்றுகிற வேலையில் வந்து நிற்கிறது. சர்வர் அமைப்பை மாற்றுவது என்றாலே நாம் தளர்த்துவதைத்தான் நினைக்கிறோம். பதிவேற்ற எல்லை இரண்டு மெகாபைட் என்று பிஎச்பி சொன்னால் நூறாக்குகிறோம், நேர எல்லை முப்பது விநாடி என்றால் எடுத்துவிடுகிறோம், எச்சரிக்கை வந்தால் வாயடைக்கிறோம். மருதமுனையில் தறி போடுகிறவர் சாரனின் அகலத்தைத் தன் கை எட்டுகிற தூரத்துக்கு வைப்பதில்லை. உடுக்கப்போகிறவரின் இடுப்புக்கு வைக்கிறார். அப்பாச்சியிலும் அப்படிப் பாவிக்கிறவரின் அளவுக்கு வைக்க வழி இருக்கிறது. ரேட்லிமிட் மொடியூலைத் திறந்து, விநாடிக்கு இத்தனை கிலோபைட்டுக்கு மேல் அனுப்பாதே என்று எழுதலாம். அப்போதுதான் முகப்பில் போட்ட அந்தப் பெரிய படம், மாதக் கடைசியில் டேட்டா கார்ட் போட்டுக்கொள்கிற ஒருவருக்கு எப்படி வரி வரியாக இறங்கும் என்று நமக்குத் தெரியும். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகப் பாவிக்கும், லினக்ஸ் பாவிக்காது. கோப்புப் பெயர்களை எல்லாம் சிறிய எழுத்தில் வைக்கிற கண்டிப்பை இன்றே எடுத்துக்கொள்ளலாம். அப்பாச்சி இயல்பாக 80ஆம் துறையில் எல்லாப் பக்கமும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். அதே வைஃபையில் இருக்கிற உம்மாவின் திரை கீறிய பழைய போனில் கணினியின் முகவரியைத் தட்டித் தளத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்துப் பார்க்கலாம், பார்த்து முடிந்ததும் 127.0.0.1 என்று எழுதி அந்தக் காதை மூடலாம். அவர் எங்கே விரலை வைக்கிறார், எங்கே காத்திருக்கிறார், எந்த இடத்தில் போனைத் திருப்பித் தருகிறார் என்பதெல்லாம் எந்தப் பதிவுக் கோப்பிலும் வராதவை.

இந்தக் கரையில் கணினி படிப்பிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸாம்ப் நிறுவிய அன்றே, ‘ஹலோ வேர்ல்ட்’ எழுத முன்பே, மாணவர் தங்கள் கையால் மாற்ற வேண்டிய வரிகள் இவை: நேர வலயத்தில் பெர்லினை அழித்து ஏசியா, கொழும்பு, அகலாங்கு 7.4, நெட்டாங்கு 81.8, தரவுத்தளத்திலும் இணைப்பிலும் யூடிஎஃப்8எம்பி4, ரூட் கணக்குக்கு ஒரு கடவுச்சொல், பெயர் வைத்தால் .டெஸ்ட் என்று முடிகிற பெயர். அரை மணித்தியாலம்கூட ஆகாது. ஒவ்வொரு வரியையும் மாற்ற முன்பு, அங்கே முதலில் எந்த ஊர் எழுதியிருந்தது என்று அவர்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.